உராய்வு என்று சொல்லியிருக்கலாம்

மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்துச் செருகியிருக்கும் தாளை நீங்கள் பார்த்திருப்பீர்கள், படித்திருக்க மாட்டீர்கள். அதை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிக்கிற ஒரு ஜீவன் உலகத்தில் உண்டென்றால் அது நான்தான். அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். பத்தொன்பது வருஷமாக வாந்தி, மயக்கம், தோல் தடிப்பு, அரிதாக மரணம் என்று படித்துப் படித்து, ‘மரணம்’ வந்தால் ணகரம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக அடுத்த வரிக்குப் போகிற பக்குவம் வந்துவிட்டது.

அப்பேர்ப்பட்ட நான் ஒரே ஒரு சொல்லில் கோட்டை விட்டேன். அச்சில் இல்லை, போனில். உராய்வு என்று சொல்லியிருக்க வேண்டிய இடத்தில் உரசல் என்று சொன்னேன். அதற்குப் பிறகு நடந்ததற்கெல்லாம் திருத்தம் போட எந்தச் சிவப்புப் பேனாவிலும் மை போதாது.

முதலில் என்னைப் பற்றி. நான் ஓடுகிறவள். யாரும் துரத்தாமல், பஸ்ஸையும் பிடிக்காமல், காலையில் எழுந்து சும்மா ஓடுகிறவள். வயது நாற்பத்தாறு. எங்கள் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் இருக்கும் பல் டாக்டர் தொடங்கிய ஓட்டக் குழுவில் ஒன்பது பேர். ஒன்பதில் நான் எப்போதும் ஒன்பதாவது. அதில் எனக்கு வருத்தமே இல்லை. கடைசியில் ஓடுகிறவளுக்கு எல்லாருடைய முதுகும் தெரியும். யார் சட்டையில் எங்கே தையல் விட்டிருக்கிறது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

வருத்தம் வேறொன்றில். போன வருஷம் நடந்த இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டத்துக்கு நானும் பெயர் கொடுத்தேன். மூன்றரை மணி நேரத்தில் முடிவுக் கோட்டை மூடிவிடுவார்கள். நடுவில் பதினாலாவது கிலோமீட்டரை இரண்டு மணி இருபது நிமிஷத்துக்குள் தாண்ட வேண்டும், இல்லையென்றால் வேனில் ஏற்றிவிடுவார்கள். அந்தப் பதினாலாவது கிலோமீட்டரில், என் வீட்டுக்காரர் உதவிக்கு நின்ற தண்ணீர் மேசையைத் தாண்டி நூறடி போயிருப்பேன், பக்கத்தில் ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. “நேரம் முடிஞ்சிருச்சும்மா, ஏறிக்குங்க” என்றார் டிரைவர். ஏறிக்கொண்டேன். உள்ளே முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒருவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர். எனக்கு எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வேன் திரும்பும்போது, எனக்கும் பின்னால் வந்துகொண்டிருந்த ஒரு தொப்பைக்காரர் என்னைப் பார்த்துக் கையசைத்துவிட்டு ஓட்டத்தைத் தொடர்ந்தார். அவருக்கு மட்டும் நேரம் தனியாக ஓடுகிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்கத் தெம்பில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஆசை. அந்த இருபத்தொன்றையும் ஒரு தடவை, கோடு மூடுவதற்குள், என் காலாலேயே முடித்துவிட வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை. பதக்கம்கூட அந்த மெல்லிய தகரத்தில்தான் கொடுக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றியபோது குற்றவாளி கையும் களவுமாக அகப்பட்டது. பருத்திச் சாக்ஸ். ஓரத்தில் பூப்போட்டது, மூன்று ஜோடி சேர்த்துக் கட்டி விற்பது. வியர்வையை உறிஞ்சிக் குடித்துவிட்டு, ஈரத் துணி மாதிரி காலைச் சுற்றிக்கொண்டு, இரண்டு மணி நேரமாக என் குதிகாலை அரைத்திருக்கிறது. இடது குதிகாலில் உடைந்த கொப்புளம், சுண்டு விரலில் உடையாத கொப்புளம், விரல் நுனித் தையல் அழுத்திய இடத்தில் ஒரு நகம் நீலம். அது கீழே. மேலே பருத்திப் பேண்டின் உள்தையல் இரண்டு தொடையையும் வழித்து வைத்திருந்தது. அன்றைக்குக் குளிக்கும்போது நான் போட்ட சத்தத்தில், குழாய் வெடித்துவிட்டதா என்று கேட்டுக் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டினார்.

ஆக, தீர்ப்பு எழுதியாகிவிட்டது. நான் தோற்கவில்லை, என் சாக்ஸ் தோற்றது. இந்த எண்ணம் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லி முடியாது.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் பரிசோதகர். கட்டடம் கட்டடமாகப் போய் லிஃப்டுகளை ஏற்றி இறக்கிப் பார்த்து, சரியில்லையென்றால் சிவப்புச் சீட்டு ஒட்டி நிறுத்திவிட்டு வருவார். சந்தேகம் வந்தால் நிறுத்து, பிறகு யோசி: இதுதான் அந்த வேலையின் பாலபாடம். வீட்டிலும் அப்படித்தான். மிக்ஸி கொஞ்சம் சத்தம் போட்டால் நிறுத்துவார். மின்விசிறி ஆடினால் நிறுத்துவார். நான் பேசிக்கொண்டே போனால் அதையும் நிறுத்தப் பார்ப்பார். அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று இருபத்திரண்டு வருஷமாகத் தேடுகிறார்.

சாக்ஸ்தான் காரணம் என்று நான் சொன்ன நிமிஷமே அவர் அதைப் பிடித்துக்கொண்டார். “ஆமா, சாக்ஸேதான். வேற என்ன?” என்றார். லிஃப்ட் சோதனைப் படிவத்தில் ‘கயிறு’ என்றிருந்த இடத்தை அடித்து ‘எலாஸ்டிக்’ என்று எழுதினார். ‘கதவு உராய்வு’ என்ற கட்டத்தை அப்படியே விட்டுவிட்டார். அது இரண்டுக்கும் பொருந்துமாம். பெண்டாட்டி மேல் இவ்வளவு பாசமா என்று நான் உருகிப்போனேன். நம்புகிறவளுக்கு எல்லாமே பாசமாகத்தான் தெரியும்.

விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனோம். சாக்ஸுக்கென்றே ஒரு சுவர் இருந்தது. விற்பனையாளர் என் காலைப் பார்த்துவிட்டு, துக்கம் விசாரிக்கிற குரலில், “பருத்தியா போட்டீங்க?” என்று கேட்டார். ஒத்துக்கொண்டேன். “இதுல இடது, வலதுன்னு தனித்தனியா இருக்கு மேடம். மாத்திப் போட்டா கொப்புளம் வரும்.” நாற்பத்தாறு வருஷமாக இரண்டு காலுக்கும் ஒரே மரியாதைதான் கொடுத்து வந்திருக்கிறேன், இனி அதுவும் கிடையாது. அப்புறம் இரண்டடுக்குச் சாக்ஸ் காட்டினார்: ஒரு அடுக்கு இன்னொரு அடுக்கோடு சண்டை போட்டுக்கொள்ளும், தோலை விட்டுவிடும். அப்புறம் விரல் விரலாகப் பிரித்த சாக்ஸ். அதைப் போட்டுப் பார்க்கவே கால் மணி நேரம் ஆனது. நாலாவது விரல் எப்போதும் மூன்றாவது வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

“அரை அளவு பெருசா எடுக்கலாமா, இறுக்கமா இருக்கே?” என்று கேட்டேன்.

“கூடவே கூடாது மேடம். சாக்ஸ் சுருங்கி மடிஞ்சுதுன்னா அந்த மடிப்புதான் கொப்புளம். குதிகால் பை குதிகால்லயே உக்காரணும்.”

இவர் படிவத்தில் எழுதிக்கொண்டார். “அதிகபட்ச எடை?” என்று கேட்டார். விற்பனையாளர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். இவர் அந்தக் கட்டத்தை அடித்துவிட்டார்.

பத்து மாதம் இப்படிப் போனது. ஏழு விதமான சாக்ஸ், ஒவ்வொன்றுக்கும் மூன்று ஓட்டம், ஓடி முடித்ததும் சமையலறை வெளிச்சத்தில் கால் பரிசோதனை. துணிக்கு மணம் போடுகிற திரவத்தில் அலசினால் சாக்ஸ் வியர்வையை வெளியே விடாது என்று எங்கோ படித்து, அதற்கென்று தனி வாளி. சட்டையின் கழுத்துப் பட்டியில் இருக்கிற சீட்டு முதுகை அறுக்கிறது என்று கத்தரித்தோம். கத்தரித்த பிறகு மிச்சமிருந்த முனை அதைவிட மோசமாக அறுத்தது. கடைசியில் சட்டையையே உள்பக்கம் வெளியே வருகிற மாதிரித் திருப்பிப் போட்டுக்கொண்டு ஓட ஆரம்பித்தேன். தையலெல்லாம் வெளியே காற்று வாங்கட்டும், தோலுக்கு வழவழப்பான பக்கம் போதும். வேலை செய்தது. ஆனால் எதிரில் வருகிற ஒவ்வொரு மனிதரும் நின்று எனக்கு அதைத் தெரிவித்துவிட்டுத்தான் போனார்கள். என்மேல் இவ்வளவு அக்கறை கொண்டவர்கள் இருக்கிறார்கள் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

கணக்குப் பார்த்தால், ஓடிப் பழகியதைவிடச் சாக்ஸ் பழகியதுதான் அதிகம். பல் டாக்டர் ஒரு நாள் சொன்னார்: “வாரத்துல நாலு நாள் ஓடணும். நீங்க ரெண்டு நாள் ஓடறீங்க, ரெண்டு நாள் துவைக்கறீங்க.” எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அந்த வாரமும் துவைத்தேன்.

பாதம் சரியாகிவிட்டது. தொடை சரியாகவில்லை. களிம்பு தடவிப் பார்த்தேன். எட்டு கிலோமீட்டரில் வழிந்து போனது. பவுடர் போட்டேன், மாவு பிசைந்த மாதிரி ஆனது. குட்டை டவுசர் போட்டேன். மேலே சுருண்டு ஏறி, எங்கே தேவையோ அங்கே மட்டும் இல்லாமல் போனது. ஓட்டத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, அச்சகத்தில் சர்க்கரை நோய் மாத்திரைத் தாளைத் திருத்திக்கொண்டிருந்தபோது, அக்கா போன் செய்தாள். எனக்கு எதிர் மேசையில் எங்கள் பகுதித் தலைவர். எங்கு பார்த்தாலும் காற்புள்ளி வைப்பார் என்பதால் அவருக்குக் கமா என்று பெயர். கமாவுக்கும் எனக்கும் நடுவில் மூன்றடிதான். அந்த மூன்றடியில் நான் தொடை என்று சொல்வதாவது!

“என்னடி, குரல் ஒரு மாதிரி இருக்கு?” என்றாள் அக்கா.

“ஒண்ணுமில்லக்கா. உரசல்தான். தாங்க முடியல.”

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம். அப்புறம் மெதுவாக, “எத்தனை நாளா?”

“ஒரு வருஷமா.”

“ஒரு வருஷமாவா? எங்கிட்ட ஏன்டி சொல்லல?”

“இதைப் போய் என்னன்னு சொல்றது? அவரும் என்னென்னமோ வாங்கிக் குடுத்துப் பாக்கறாரு. ஒண்ணும் சரிப்படல.”

“வாங்கிக் குடுத்துட்டா சரியாயிடுமா? எதனாலடி இப்படி?”

“எதனாலன்னு என்ன சொல்ல? ரொம்ப நெருக்கம்தான் காரணம். ஒண்ணோட ஒண்ணு படாம ரெண்டையும் பிரிச்சு வச்சுட்டா நிம்மதி. அதுக்குத்தான் வழி பாத்துக்கிட்டு இருக்கேன்.”

“பிரிச்சா?” என்றாள் அக்கா. “இந்த வயசுலயா?”

“வயசானாத்தான்க்கா இது ஜாஸ்தி ஆகுது. ஏன், உனக்கு இல்லையா?”

“எல்லார் வீட்லயும் இருக்குடி,” என்றாள். “யாரும் வெளிய சொல்றதில்ல.” பாவம், இவளுக்கும் தொடைத் தொந்தரவு இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டு நான் போனை வைத்தேன். அந்தத் தாளிலேயே மூன்றாவது வரியில் ‘தோல் உராய்வு’ என்று அழகாக அச்சாகியிருந்தது. அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டேதான் இத்தனையும் பேசியிருக்கிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம், ஓட்டத்துக்கு முந்தின நாள், அழைப்பு மணி அடித்தது. அக்காவும் அண்ணனும். அண்ணன் ஒரு பள்ளியில் துணைத் தலைமையாசிரியர். ஒழுங்கு நடவடிக்கைகள் அவர் பொறுப்பு. சிரித்துக்கொண்டே வந்தாலும் பின்னால் ஒரு விசாரணை வருவது மாதிரியே இருக்கும். அன்றைக்குச் சிரிக்கவும் இல்லை. கூடத்தில் நான் மறுநாளுக்கான துணிகளைத் தரையில் பரப்பி வைத்திருந்தேன். அக்கா அதைப் பார்த்துவிட்டு, “ஐயோ, துணிமணியெல்லாம் எடுத்து வச்சுட்டாளே!” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

டீ கொண்டுவந்து வைத்தேன். யாரும் தொடவில்லை.

“மாப்ள, நான் சுத்தி வளைச்சுப் பேசற ஆளில்ல,” என்று ஆரம்பித்து அண்ணன் பத்து நிமிஷம் சுற்றி வளைத்தார். குடும்பம் என்றால் விட்டுக்கொடுக்க வேண்டும் என்றார். பிள்ளை வெளியூரில் படிக்கிறபோது வீட்டில் இரண்டு பேர் மட்டும் இருப்பது கஷ்டம்தான் என்றார். கடைசியில், “உங்களுக்குள்ள உரசல்னு கேள்விப்பட்டோம்,” என்றார்.

எனக்கு அப்போதுதான் தலையில் மணி அடித்தது. நியாயமாக நான் உடனே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. ஒன்று, அண்ணன் முன்னால் தொடை என்ற சொல் வாயில் வராது. இரண்டாவது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன், என் வீட்டுக்காரர் மாட்டிக்கொண்டு முழிப்பது பார்க்க நன்றாக இருந்தது. இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

“என்ன உரசல் மச்சான்?” என்றார் இவர்.

“அது உங்களுக்கே தெரியும் மாப்ள.”

“அவ எல்லாத்தையும் சொல்லிட்டா,” என்றாள் அக்கா. “ஒரு வருஷமா மனசுல வச்சுக்கிட்டுப் புழுங்கியிருக்கா. தாங்க முடியலன்னா. நீங்க எதையெதையோ வாங்கிக் குடுத்து மறைக்கப் பாத்தீங்களாமே?”

இவர் முகம் வெளுத்தது. அந்த மாதிரி வெளுத்து நான் பார்த்ததில்லை. டீக் கோப்பையை எடுத்தார், வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்:

“யாரு சொன்னா அவகிட்ட? அந்த வேன் டிரைவரா?”

பிஸ்கட் என் வாயில் பாதி இருந்தது.

“எந்த வேன்?” என்றார் அண்ணன்.

“நான் வேணும்னு செய்யல மச்சான். பதினாலாவது கிலோமீட்டர் தண்ணி மேசையில நான்தானே நின்னேன். இவ தாண்டிப் போறா, குதிகால்ல சாக்ஸ் முழுக்க ரத்தம். ஒரு காலை இழுத்து இழுத்து ஓடறா. எனக்கு உயிரே போயிடுச்சு. நான் நிறுத்துன்னு சொன்னா நிறுத்துவாளா? அதான் வேன்காரர்கிட்ட, ‘நேரம் முடிஞ்சிருச்சுன்னு சொல்லி ஏத்திக்குங்க’ன்னு சொன்னேன்.”

“முடியலையா?” என்று கேட்டது என் குரல்தான்.

“என்ன?”

“நேரம். முடியலையா?”

இவர் தரையைப் பார்த்தார். தரையில் நான் பரப்பி வைத்திருந்த சாக்ஸ் இருந்தது. “பதினோரு நிமிஷம் பாக்கி இருந்துது,” என்றார்.

அந்த வருஷம் என் கையில் வாட்ச் இல்லை. பட்டை மணிக்கட்டை உரசுகிறது என்று கழற்றி வைத்துவிட்டு ஓடினேன். முடிக்காதவர்களின் நேரத்தைப் பட்டியலிலும் போடுவதில்லை. கையசைத்துக்கொண்டே போன தொப்பைக்காரர் ஒரு நொடி கண்முன் வந்தார். அவர் நேரம் தனியாக ஓடவில்லை, என்னுடையதைத்தான் நிறுத்தியிருக்கிறார்கள்.

பதினோரு நிமிஷம். அதற்கு நான் ஒரு வருஷம் சாக்ஸ் மாற்றியிருக்கிறேன். இடது கால், வலது கால், இரண்டடுக்கு, விரல் விரலாக, தனி வாளி. இவர் பக்கத்தில் உட்கார்ந்து படிவத்தில் குறித்துக்கொண்டே இருந்திருக்கிறார். “ஆமா, சாக்ஸேதான். வேற என்ன?” என்று சொன்ன வாய் இதுதான். எனக்கு வந்த கோபத்தை எந்த மருந்துத் தாளிலும் பக்க விளைவாகப் போட முடியாது. அழுகையும் வந்தது, அது கோபத்துக்கு முன்னால் வந்துவிட்டதுதான் எனக்கு அவமானமாக இருந்தது.

“பாத்தியா, உரசல்னு நான் சொன்னேன்ல?” என்றாள் அக்கா அண்ணனிடம், ஒரு மாதிரி வெற்றியோடு.

“அக்கா,” என்றேன் நான். “நான் உரசல்னு சொன்னது தொடையை. என் தொடையை. ரெண்டு தொடையும் ஓடும்போது ஒண்ணோட ஒண்ணு உரசுது. தோல் கிழியுது. அதைத்தான் பிரிச்சு வைக்கணும்னு சொன்னேன். புருஷனை இல்ல.”

அண்ணன் கூரையில் மின்விசிறி சரியாகச் சுற்றுகிறதா என்று ஆராய ஆரம்பித்தார். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

“அடிப் பைத்தியம்! அதுக்கு முழங்கால் வரைக்கும் ஒட்டின மாதிரி டவுசர் போடணும்டி. கால் இடுக்குல தையலே இருக்கக் கூடாது, அங்க சதுரமா ஒரு துண்டு வச்சுத் தச்சிருப்பான். நான் பாவாடைக்குள்ள இருபது வருஷமா அதைத்தான் போடறேன். கேக்க வேண்டியதுதானே?”

பத்து மாத ஆராய்ச்சி. ஏழு படிவம். அக்காவிடம் ஒரு வாக்கியத்தில் இருந்தது. தொடை என்ற ஒரு சொல்லைப் போனில் சொல்லியிருந்தால் போதும்.

“நாளைக்கு மாப்ள அங்க போக வேணாம்,” என்றார் அண்ணன் மின்விசிறியிடம். தீர்ப்பு சொல்லாமல் அவரால் டீ குடிக்க முடியாது.

“போகட்டும்,” என்றேன். இவரைப் பார்த்துச் சொன்னேன்: “நீங்க வாங்க. அதே மேசையில நில்லுங்க. என் காலைப் பாக்காதீங்க. நேரம் என்னன்னு மட்டும் சொல்லுங்க, உள்ளபடி. வேற ஒரு வார்த்தை வந்துச்சுன்னா உங்களுக்கும் எனக்கும் நிஜமாவே உரசல்.”

தலையாட்டினார். அன்றிரவு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அக்கா வீட்டுக்குப் போனதும் தன்னுடைய டவுசர் ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்தாள். ஓட்டத்தன்று புதுசு எதையும் போடக்கூடாது என்பது விதி. அது ஐம்பது தடவை துவைத்தது, ஆனால் வேறு காலுக்குப் பழகியது. புதுசா பழசா என்று யோசித்துவிட்டு, அக்காவை நம்பிப் போட்டுக்கொண்டேன்.

காலையில் ஒன்பது பேரில் ஒன்பதாவதாகப் புறப்பட்டேன். அக்கா டவுசர் அசையவில்லை, சுருளவில்லை, அக்காவைப் போலவே பிடித்த இடத்தை விடவில்லை. சாக்ஸ் குதிகாலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கிறேன் என்று முதல் ஐந்து கிலோமீட்டரில் மட்டும் பதினாலு பேர் சொன்னார்கள். எல்லாருக்கும் நன்றி சொன்னேன். எங்கேயும் வலிக்கவில்லை. எட்டாவது கிலோமீட்டரில்தான் ஒன்று உறைத்தது: எங்கேயும் வலிக்கவில்லை, ஆனால் மெதுவாக ஓடுகிறேன். போன வருஷம் காலை இழுத்துக்கொண்டு ஓடியதைவிட மெதுவாக. வாரத்தில் இரண்டு நாள் துவைத்தவளின் கால் இது.

பதினாலில் இவர் நின்றுகொண்டிருந்தார். கையில் வாட்ச். நான் நெருங்க நெருங்க அவர் கண் கீழே போகப் பார்த்தது. பிடித்து இழுத்து என் முகத்தில் வைத்துக்கொண்டார். “மூணு நிமிஷம்தான் இருக்கு,” என்றார். நல்லா இருக்கே என்றோ, மெதுவா போ என்றோ, போதும் என்றோ சொல்லவில்லை. தண்ணீரை நீட்டினார், வாங்கிக்கொண்டேன். கோபம் போகவில்லை. ஆனால் அந்த மூன்று நிமிஷம் நிஜமானது என்று எனக்குத் தெரிந்தது. அதை வைத்துக்கொண்டு ஓடினேன்.

அதற்குப் பிறகு ஏழு கிலோமீட்டர். அதை விவரிக்க மாட்டேன். விவரிக்கும் அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. கால் போனது, நானும் போனேன். வேன் ஒன்று கொஞ்ச தூரம் பின்னாலேயே வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, அதுவும் நிற்கவில்லை. கோட்டுக்கு வந்தபோது காற்றடைத்த வளைவைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். மேசையிலிருந்த பெண் கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பதக்கப் பெட்டியை மூடியிருந்த டேப்பைப் பார்த்தாள். மூன்று மணி முப்பத்து மூன்று நிமிஷம்.

நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினேன். சாக்ஸை உருவினேன். இவர் எப்படியோ முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தார். பக்கத்தில் குந்தி, இப்போது பார்க்கலாமா என்பது மாதிரி என்னைப் பார்த்துவிட்டு, காலைப் பார்த்தார். குதிகால் சுத்தம். விரல்கள் சுத்தம். ஒரு சிவப்புக்கூட இல்லை.

“ஒண்ணுமே ஆகல!” என்றார். முகமெல்லாம் சந்தோஷம். “சாக்ஸ் பாஸ்!”

“சாக்ஸ் பாஸ்,” என்றேன். “நான் ஃபெயில்.”

அவர் முகம் விழுந்தது. “மூணு நிமிஷம்தானே,” என்று ஆரம்பித்தார். “அந்தப் பாலத்துல எதிர்க்காத்து அடிச்சுது, அப்புறம் அந்தச் சட்டையைப் பத்திச் சொல்றேன்னு எல்லாரும் உன்ன நிறுத்தி...”

“விடுங்க,” என்றேன். “காத்தையும் இழுக்காதீங்க. இந்த மூணு நிமிஷம் என்னோடது.”